வயலைக் காக்கும் சின்னஞ்சிறு குளவி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் தலைப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். நேரத்தை மட்டும் பத்து நிமிடம் என்று இறுக்கிவிட்டார்கள். சிறிய நேரத்துக்குச் சிறிய பொருள்தான் பொருந்தும் என்று எண்ணி, உலகின் மிகச் சிறிய பூச்சிகளை எடுத்துக்கொண்டேன். விலங்கியல் படிப்பித்த எனக்கு இது பழகிய பாடம். வன்னியில் ஒரு துண்டு வயலாவது வைத்திருப்பவர்களுக்கு இது வீட்டு வரவு செலவோடும் சேர்ந்த பாடம்.

அடிமட்டத்தில் உள்ள மிகச் சிறிய இடைவெளி ஒரு மில்லிமீற்றர். அதற்குள் ஏழு பூச்சிகளை வரிசையாக நிறுத்தலாம் என்றால் நம்புவீர்களா? 1997 இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட டைகோபோமோர்ஃபா எக்மெப்டெரிகிஸ் என்ற குளவியின் ஆண் 0.139 மில்லிமீற்றர் நீளமே உடையது. அதற்குக் கண்ணும் இல்லை, சிறகும் இல்லை. பறக்கக்கூடிய பூச்சிகளில் மிகச் சிறியது கிகிகி ஹுனா. ஹவாய்த் தீவுகளில் கண்டெடுத்து 2000 ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட அதன் நீளம் ஏறக்குறைய 0.158 மில்லிமீற்றர். நாங்கள் பாடசாலை நுணுக்குக்காட்டியில் பார்த்த பரமீசியம் ஒரே கலத்தால் ஆனது. அந்த ஒற்றைக் கலத்திலும் இந்தக் குளவிகள் சிறியவை. மீன்களின் உடலுக்குள் வாழும் சில ஒட்டுண்ணி விலங்குகள் இன்னும் சிறியவைதான். ஆனால் பூச்சிக் குலத்தில் முதலிடம் இவற்றுக்கே.

இவ்வளவு சிறிய உடலுக்குள் மூளை எப்படி அடங்குகிறது? மெகாபிராக்மா என்ற இன்னொரு குளவி 0.2 மில்லிமீற்றர் அளவானது. அதை ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி அலெக்செய் பொலிலோவ், அதன் நரம்புத் தொகுதியில் ஏறக்குறைய 7,400 நரம்புக் கலங்களே உள்ளன என்றும், வளர்ந்த குளவியில் அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் கருவே இல்லை என்றும் 2012 இல் வெளியிட்டார். தேனீயின் மூளையில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கலங்கள் உண்டு. இடம் போதாத வீட்டில் கட்டிலைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் படுப்பதுபோல, இந்தக் குளவி கலத்தின் கருவையே களைந்துவிட்டு வாழ்கிறது. அப்படியிருந்தும் பறக்கிறது, இரை தேடுகிறது, முட்டையிடச் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கிறது.

அந்த இடம் எது என்பதில்தான் எங்கள் வயலின் கதை தொடங்குகிறது. இந்தக் குளவிகள் இவ்வளவு சிறிதாக இருப்பதற்குக் காரணம், இவை இன்னொரு பூச்சியின் முட்டைக்குள் வளர்வதுதான். தாய்க் குளவி அந்த முட்டையைத் துளைத்துத் தன் முட்டையை உள்ளே வைக்கும். குளவிப் புழு உள்ளிருப்பதைத் தின்று வளரும். கடைசியில் அந்த முட்டையிலிருந்து வெளிவருவது பயிரைத் தின்னும் பூச்சி அல்ல, குளவி. ஆங்கிலேயர் தேவதையின் பெயரால் அழைக்கும் குடும்பம் ஒன்று இவற்றில் உண்டு. அதன் சிறகு, நடுவில் ஒரு காம்பும் ஓரமெல்லாம் மயிரும் கொண்ட சிறிய இறகு போலிருக்கும்.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அனாக்ரஸ் என்ற குளவி நெல்வயலில் வாழ்கிறது. மேலே சொன்னவற்றை விடச் சற்றுப் பெரியது, ஆனாலும் ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். அது தேடிப் போவது கபில நிறத் தத்தியின் முட்டைகளை. எங்கள் கமக்காரர் அறக்கொட்டி என்று சொல்லும் அதே பூச்சிதான். இரணைமடுவின் கீழும், முத்தையன்கட்டின் கீழும், பாவற்குளத்தின் கீழும் வயல் செய்பவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நேற்றுப் பச்சையாக நின்ற வயல் வட்டம் வட்டமாக எரிந்ததுபோலக் காய்ந்து கிடக்கும்.

தத்தி தன் முட்டைகளை நெல்லின் இலை மடலுக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே சரியாக எட்டுவதில்லை. ஆனால் வெளியே பறந்து திரியும் குளவிக்கும், தத்தியைப் பிடித்துத் தின்னும் சிலந்திக்கும் மருந்து நேராகப் படுகிறது. காவற்காரர் செத்துப்போக, ஒரு கிழமை கழித்துத் தத்திக் குஞ்சுகள் பொரித்து வெளியே வருகின்றன. தடுக்க ஒருவரும் இல்லை. தத்தி பெருகுகிறது. கமக்காரர் மறுபடியும் மருந்து அடிக்கிறார். கடன் கூடுகிறது, தத்தியும் கூடுகிறது.

இதைப் பெரிய நாடுகளும் பட்டுத்தான் அறிந்தன. இந்தோனேசியாவில் தத்தி நெல்லை அழித்த காலத்தில், 1986 இல் ஜனாதிபதி சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தார். வியட்நாமில் மேக்கொங் ஆற்றுப் படுகைக் கமக்காரரிடம் 1990களில் வேறு வழியில் போனார்கள். விதைத்து முதல் 40 நாட்களுக்கு இலை தின்னும் புழுவுக்கு மருந்து அடிக்கவேண்டாம் என்ற ஒரே செய்தியைத் துண்டுப்பிரசுரத்திலும் வானொலி நாடகத்திலும் சொன்னார்கள். இளம்பயிர் இழந்த இலையை மீண்டும் விட்டுக்கொள்ளும் என்பதே அதன் அடிப்படை. அங்கே மருந்தடிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

மருந்தே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் உரமும் மருந்தும் ஓமந்தை தாண்டி வராதபோது வயல் செய்தவர்கள் நாங்கள். 2021 இல் ஒரே இரவில் இரசாயன உரத்தையும் மருந்தையும் நிறுத்தியபோது நெல் எப்படி விழுந்தது என்பதையும் கண்டவர்கள். இல்லாமையால் கைவிடுவது வேறு, அறிந்து குறைப்பது வேறு. நான் கேட்பது இரண்டாவதை.

இந்தச் சபையில் கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்து வந்தவர்கள் பலர். உங்களில் சிலரின் வயல் இங்கே குத்தகையில் இருக்கிறது. காலபோகம் தொடங்கியதும் தொலைபேசியில் “மருந்தடிச்சாச்சா?” என்று கேட்கிறீர்கள். அடித்தால்தான் அக்கறையான கமக்காரர் என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. இனிமேல், “என்ன பூச்சி நிக்குது? தாளின்ர அடியைத் தட்டிப் பார்த்தனீங்களோ?” என்று கேளுங்கள். தாளின் அடியைத் தட்டினால் தத்தி தண்ணீரில் விழும். எத்தனை என்று எண்ணலாம், சிலந்தியையும் எண்ணலாம். முடிவெடுப்பதற்கு முன் விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு சொல் கேட்கலாம். தேவையில்லாத ஒரு தடவை மருந்தைத் தவிர்த்தாலே, தனியாகக் குடும்பத்தைத் தாங்கி வயல் செய்யும் எங்கள் சகோதரி ஒருத்தியின் கையில் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஏதாவது மிஞ்சும். முதுகில் தெளிகருவியைச் சுமப்பவரின் மூச்சுக்கும் நல்லது.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக வளைவும் கல்வெட்டும் எழுப்புவது நல்லதே. அதோடு விலங்கியல் ஆய்வுகூடத்துக்கு நல்ல நுணுக்குக்காட்டிகள் சிலவும் வாங்கித் தாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அறிவியல்நகரில், எங்களுக்குக் கிட்ட இருக்கிறது. அங்குள்ளவர்களை அழைத்து மாணவிகளுக்கு ஒரு நாள் வயற் பயிற்சி வைக்கலாம். தகப்பன் வயலில் பிடுங்கிய ஒரு நெல்தாளின் மடலை விரித்து, அதற்குள் இருக்கும் தத்தி முட்டையையும் அதைத் தேடிவந்த குளவியையும் எங்கள் பிள்ளை ஒருத்தி தன் கண்ணால் பார்த்தால், அன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் அதைச் சொல்வாள். தகப்பன் என் பேச்சைக் கேட்காவிட்டாலும் மகளின் பேச்சைக் கேட்பார்.