பாலின் வெண்மை



ஈப்போவைச் சூழ்ந்த தோட்டங்களில் நம் முன்னோர் ரப்பர் மரத்தைப் 'பால்மரம்' என்றனர். கண்ணால் கண்டு இட்ட பெயர்தான். எனினும் ஒளியியலும் அதனை ஏற்கும். பசும்பாலிலோ மரப்பாலிலோ வெண்சாயம் ஏதும் இல்லை. முன்னதில் கொழுப்பும் புரதமும், பின்னதில் ரப்பரும் நுண்துகள்களாக நீரில் மிதக்கின்றன. துகளுக்குத் துகள் திசைமாறி, எல்லா நிறங்களும் கலந்தே ஒளி மீள்வதால் வெண்மை தோன்றுகிறது. உறையவைத்த பால் தகடாகி உலரும்போது, நீர் நீங்கித் துகள்கள் ஒன்றிவிடும். ஒளியைச் சிதறடிக்கும் எல்லைகள் மறைகின்றன. வெண்மை போய், தகடு தேன்நிறம் கொண்டு ஒளியைத் தன்னூடே விடும். (புகையூட்டினால் மேலும் கருக்கும், அது வேறு கதை.)

துகள் மிகமிகச் சிறிதாயின் நீலமே மிகுதியாகச் சிதறும். கிந்தா பள்ளத்தாக்கின் தொலைமலைகளுக்கு நீலம் பூசுவது இடைப்பட்ட காற்றே. 1921இல் கப்பற்பயணத்தில் நடுநிலக் கடலின் நீலத்தைக் கண்டு காரணம் தேடிய சர் சி. வி. இராமன், 1928இல் இராமன் விளைவைக் கண்டறிந்தார்.

சொல்லிலும் கவனம் வேண்டும். இதுவரை சொன்னது 'ஒளிச்சிதறல்'. முப்பட்டகத்திலும் வானவில்லிலும் நிகழ்வது 'நிறப்பிரிகை'. அச்சொல் மரப்பாலுக்குப் பொருந்தாது.