கட்சியைக் குறித்தவருக்கே வாக்கு



நம் ஊரில் தேர்தல் நெருங்கினால் கட்சி அலுவலகங்களில் விருப்ப மனு வாங்குவார்கள், தலைமை நேர்காணல் நடத்தும், ஒருநாள் வேட்பாளர் பட்டியல் வெளிவரும். அந்தப் பட்டியலில் யார் பெயர் இருக்கவேண்டும் என்று வாக்காளரை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் கேட்கிறார்கள். அதற்கென்றே தனியாக ஒரு தேர்தல் உண்டு. பிரைமரி என்பார்கள்.

நியூயார்க் நகரத்தைப் பார்ப்போம். பொதுத்தேர்தல் நவம்பரில், பிரைமரி ஜூன் மாதம் நான்காவது செவ்வாய்க்கிழமை. அங்கே ஜனநாயகக் கட்சியின் கை ஓங்கியிருப்பதால், பல தொகுதிகளில் ஜூனில் வென்றவருக்கு நவம்பர் வெறும் சடங்குதான். 2018-இல் குயின்ஸ், பிராங்க்ஸ் பகுதிகளைச் சேர்ந்த நாடாளுமன்றத் தொகுதியில், பத்து முறை வென்ற ஜோ கிரவுலியை 28 வயது அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் தோற்கடித்தது இப்படியொரு பிரைமரியில்தான். சுமார் 7 லட்சம் பேர் வாழும் தொகுதி அது. அன்று பதிவான வாக்குகள் 30 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

வாக்களிக்க என்ன வேண்டும்? குடியுரிமை, 18 வயது, 30 நாள் அந்த ஊர்வாசம், வாக்காளர் பதிவு. கிரீன் கார்டு போதாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் நகரத் தேர்தலில் வாக்குரிமை தர மாநகராட்சி ஒரு சட்டம் போட்டது. 2025 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது.

ஆனால் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் வேறு. பதிவுப் படிவத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதியெல்லாம் எழுதிய பிறகு கட்சிப் பெயர்கள் கட்டம் கட்டமாக வரும். ‘எந்தக் கட்சியிலும் சேர விரும்பவில்லை’ என்றும் ஒரு கட்டம் உண்டு. நமக்கெதற்கு வம்பு என்று அதில் குறியிட்டவர்கள் அந்த நகரத்தில் 10 லட்சத்துக்கும் மேல். நவம்பரில் அவர்கள் தாராளமாக வாக்களிக்கலாம், பிரைமரியில் முடியாது; அது அந்தந்தக் கட்சியைக் குறித்தவர்களுக்கு மட்டுமே. இத்தனைக்கும், கட்சியைக் குறிப்பதற்குச் சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது, நவம்பரில் அதே கட்சிக்குத்தான் போடவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

2016-இல் டொனால்ட் டிரம்ப் போட்டியிட்ட பிரைமரியில் அவருடைய மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் தந்தைக்கு வாக்களிக்க முடியவில்லை. கட்சியைப் பதிவு செய்யும் கெடு முந்தைய அக்டோபரிலேயே முடிந்திருந்தது. அவ்வளவு முன்கூட்டிக் கெடு வைத்தது அநியாயம்தான். இப்போது கட்சி மாற்றப் பிப்ரவரி 14 வரை அவகாசம். புதிதாகப் பதிவு செய்பவர் தேர்தலுக்குப் பத்து நாள் முன்புவரை பதிந்து, அப்போதே கட்சியையும் குறிக்கலாம்.

தேர்தல் நாளுக்கு முன்பே ஒன்பது நாள் வாக்குச்சாவடிகள் திறந்திருக்கும். தேர்தலன்று காலை 6 முதல் இரவு 9 வரை. பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் தாள் கொடுப்பார்கள். பெரும்பாலும் அடையாள அட்டை கேட்பதில்லை; விரலில் மையும் இல்லை. நீள்வட்டங்களைப் பேனாவால் நிரப்பித் தாளை ஸ்கேனரில் விட்டால் முடிந்தது. மேயர் போன்ற நகரப் பதவிகளுக்கான பிரைமரியில் ஐந்து பேர்வரை வரிசைப்படுத்தலாம். நாம் முதலிடம் தந்தவர் கடைசியாக வந்து வெளியேறினால், அந்த வாக்கு நம் இரண்டாம் விருப்பத்துக்குப் போகும். 2021 மேயர் பிரைமரியில், முதல் சுற்றில் மூன்றாமிடத்தில் இருந்த கேத்ரின் கார்சியா இப்படி ஏறி ஏறி வந்து, கடைசியில் சுமார் 7 ஆயிரம் வாக்குகளில் எரிக் ஆடம்ஸிடம் தோற்றார். ஒரே பெயரோடு நிறுத்திக்கொண்டவர்களின் சீட்டுகள், அந்தப் பெயர் விழுந்ததும் ஆட்டத்திலிருந்து விலகிவிடும்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்றாலும் திரும்பி வரவேண்டாம். உறுதிமொழி வாக்குச்சீட்டு என்று கேட்டு வாங்கலாம். தகுதியைப் பிறகு சரிபார்ப்பார்கள். அதன் உறையில் கேட்டிருக்கும் எல்லா விவரத்தையும் நிரப்பவேண்டும். 2019 குயின்ஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் பிரைமரியில், கட்சிப் பெயரை எழுதாமல் விட்ட உறைகள் செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றம்வரை போனார்கள். கடைசியில் மெலிண்டா காட்ஸ் வென்றது 60 வாக்குகளில்.

நேயர்களே, உங்கள் பிள்ளைகளோ உறவினரோ அந்த ஊரில் குடியுரிமை பெற்றிருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிட்டார்கள் என்று கேளுங்கள். மாற்றவேண்டுமென்றால் பிப்ரவரி 14-க்குள் மாற்றச் சொல்லுங்கள்.