சின்னப் பிள்ளைகளின் தோட்டமும் ஊரின் பங்கும்
(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் செயற்குழு சார்பில் ஆற்றிய உரை)



ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தோட்டம் செய்யப் பழக்குவதற்கு என்ன வேண்டும் என்று வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவிகள் கேட்டிருந்தீர்கள். குழாய்க்கிணறு அடித்துத் தருகிறோம் என்று எழுதியவர்களே அதிகம். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் குழாய்க்கிணறு வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மன்னார்த் தீவின் மணலுக்குக் கீழே மழை தந்த நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அதனால்தான் நம் பாட்டிமார் பூவல் தோண்டிச் சிறுகச் சிறுக அள்ளினார்கள். இயந்திரம் வைத்து இறைத்தால் உப்பு மேலே ஏறும். ஏறுவது நம் வளவுக்குள் மாத்திரம் அல்ல, அயல்வீட்டுக் கிணற்றிலும்தான். நாலு கத்தரிக்காய்க்காக அயலாரின் குடிநீரைக் கெடுப்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடமாகச் சொல்வது?

பள்ளித் தோட்டம் இந்நாட்டுக்குப் புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சி. டிறீபேர்க் என்பவர் பாடசாலைத் தோட்டங்களின் மேற்பார்வையாளராக இருந்தார். 1904இல் தொடங்கிய இலங்கை விவசாயச் சங்கத்துக்கும் அவர் பின்னர் செயலாளரானார். ஜேர்மனியில் 1840இல் ஃபுரோபெல் தம் பாலர் பள்ளிக்கு வைத்த பெயரே 'பிள்ளைகளின் தோட்டம்' என்பதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாத்தி என்பது அவர் கண்ட முறை. அது நமக்கும் பொருந்தும் என்று நினைக்கிறோம்.

பொருந்தாதது காலம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்கரையின் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், நம் நாற்றுக்கோ உயிர் போகும். ஓகஸ்ட் விடுமுறையில் தண்ணீர் விட ஆளும் இல்லை. ஆகவே ஒக்டோபர் மழையோடுதான் விதைப்போம். கீரையை மூன்று நான்கு கிழமையில் பறிக்கலாம். முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கும் வயதுக்கு அதுவே ஏற்றது. பயற்றை கொஞ்சம் பிந்தும். கத்தரி காய்க்கும்போது நட்ட பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பார்கள். அந்தப் பாத்தியைப் புதிதாக வரும் தம்பி தங்கையரிடம் அவர்களே ஒப்படைக்கட்டும்.

மற்றவை ஊரில் இருக்கின்றன. மணலுக்குப் பசளை வேண்டும்; யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பனையோலையை மண்ணில் தாழ்ப்பதுபோல நாமும் தாழ்ப்போம், ஓலைக்கு இங்கே பஞ்சமில்லை. விதைக்கும் ஆலோசனைக்கும் கமநல சேவை நிலையத்தையும் விவசாயப் போதனாசிரியரையும் நாடுவோம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துத் தாய்மார் முறைவைத்துப் பாத்தி பார்ப்பார்கள். கை கழுவும் தண்ணீர் ஒரு பீப்பாயில் சேரும். வேலி மட்டும் பலமாக வேண்டும். மன்னார்க் கழுதைக்கு விடுமுறை நாள் தெரியாது!

எனவே வெளிநாட்டுச் சகோதரிகளிடம் நாம் கேட்பது வேலிக் கம்பி, இரண்டு பீப்பாய், சின்னக் கைக்கு ஏற்ற மண்வெட்டிகள். பெயர்ப்பலகை வேண்டாம். உள்ளூரில் இருப்பவர்களிடம் கேட்பது ஒரு நாள். செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை காலை வேலி அடைக்கிறோம். அப்பாமாரையும் தாத்தாமாரையும் கூட்டி வாருங்கள். ஓலை வெட்டக் கத்தியும் கொண்டு வாருங்கள். தேநீர் எங்கள் பொறுப்பு.