ஜூனிலும் பனி கிடக்கும்: ஆல்ப்ஸ் நடைக்கு முன் கதைக்க வேண்டியது



கொலோனில ஜூன் எண்டால் ரைன் கரையில இறைச்சி வாட்டுற காலம். 2,600 மீட்டர் உயரத்தில அது இன்னும் குளிர்காலத்தின்ர வால். நாங்கள் போக யோசிக்கிற ஈ5 பாதை, அதாவது ஓபர்ஸ்டோர்ஃபில தொடங்கி ஆஸ்திரியாவைக் கடந்து இத்தாலியின் மெரானில முடியிற ஆறு நாள் நடை, வழமையாக ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகுதான் தொடங்கும். மலைவிடுதிகள் திறக்கிறதும் அந்த நேரம்தான். விடுதி திறந்தாச்சு எண்டதுக்காகப் பாதையில பனி கரைஞ்சிட்டுது எண்டு அர்த்தமில்லை.

பனி எண்டவுடன எல்லாரும் வானிலைச் செயலியைத்தான் பார்க்கினம். புதுப்பனி விழலாம், உண்மைதான். ஆனால் பெரிய ஆபத்து ஏற்கெனவே கிடக்கிற பழைய பனி. முதல் நாளே, கெம்ப்டனர் விடுதிக்கு ஏறுற ஷ்பெர்பாக் பள்ளத்தில, குளிர்காலத்தில சரிஞ்ச பனி குவிஞ்சு கிடக்கும். அதுக்குக் கீழ ஓடை ஓடுது. தண்ணி உள்ளுக்குள்ளால கரைச்சுக்கொண்டே போக, மேல பாலம் மாதிரி ஒரு ஓடு மட்டும் மிஞ்சும். முதல் ஆளைத் தாங்கின பாலம் இரண்டாவது ஆளோட உடையலாம். மூன்றாம் நாள், மெமிங்கர் விடுதியிலயிருந்து 2,599 மீட்டர் உயரக் கணவாய்க்கு ஏறுறது வடக்குப் பக்கத்தால. வெயில் குறைவு, பனி கனநாள் கிடக்கும்.

இந்தப் பனிக்கு ஒரு நேரசூசி இருக்கு. மேகமில்லாத இரவில இறுகி, காலமை கண்ணாடி மாதிரி நிக்கும். மத்தியானம் இளகிக் கால் புதையும். பின்னேரம் இடிமின்னல் வேற. ஆகவே வெள்ளன வெளிக்கிட்டால் எல்லாம் சரி எண்ட எங்கட அம்மாக்களின்ர ஞானம் இங்க பாதிதான் உதவும். இறுகின சரிவில சறுக்கினால் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள வேகம் பிடிச்சிடும். உடனே குப்புறப் புரண்டு, தண்டால் எடுக்கிற மாதிரிக் கையையும் கால் நுனியையும் ஊண்டி உடம்பைத் தூக்கவேணும். இது வாசிச்சு வராது. கீழ கல்லோ பள்ளமோ இல்லாத சின்னச் சரிவொண்டில ஆளுக்கு நாலைஞ்சு தரம் விழுந்து பழகவேணும்.

சாமானைப் பற்றிச் சுருக்கமா: விறைப்பான அடியுள்ள மலைச் சப்பாத்து, அதுக்கடியில மாட்டுற கிரோடெல் எண்ட இரும்புப் பல்லு, கையுறை, நீளக் காற்சட்டை, இரண்டு ஊன்றுதடி. மலைச்சங்க அங்கத்துவத்தோட மீட்புக் காப்புறுதியும் வரும். இல்லாட்டில் ஆஸ்திரியாவில ஹெலிகொப்டருக்கு பில் வீட்டுக்கு வரலாம். அவசர இலக்கம் 112. போன் எடுபடாட்டில் நிமிடத்துக்கு ஆறு தரம் விசில் அல்லது வெளிச்சம், ஒரு நிமிடம் விட்டுத் திரும்பவும். பாதை எப்படி எண்டு இணையத்தில தேடாதேங்கோ, விடுதிக்காரருக்கு முதல் நாள் போன் பண்ணுங்கோ.

இனி, நான் உண்மையில கதைக்க வந்த விஷயம். பனி மறிச்சால் அடுத்த பள்ளத்தாக்குக்கு இறங்கி பஸ் பிடிக்கிறது எண்டு லேசாச் சொல்லுறம். எந்த நாட்டுப் பள்ளத்தாக்கு? கெம்ப்டனர் விடுதிக்கு மேல, மேடெலெயோஹ் கணவாயில எல்லை. பாஸ்போட் உள்ள எனக்கு அது ஒரு பலகை. டுல்டுங் வைச்சிருக்கிற தோழருக்கு, ஜெர்மனியை விட்டு வெளிக்கிட்டவுடனேயே அந்தக் கடதாசி செத்துப்போகும். தஞ்ச விண்ணப்பம் முடிவாகாத ஆக்களுக்கும் அங்கால போக அனுமதியில்லை. புகாரில, பனி மூடின குறியீடுகளுக்கு நடுவில, ஆர் எந்தப் பக்கம் நிக்கினம் எண்டு கண்டுபிடிக்கேலாது.

பாஸ்போட் உள்ளவை மெரானுக்குப் போகட்டும், மற்றவை அடிவாரத்தில நிக்கட்டும் எண்டு ஒரு யோசனை வந்தது. எனக்கு அது சரியாப் படேல்லை. 1895இல வியன்னாவில ஷ்மீடல் எண்ட ஆசிரியர், ரோராவர் எண்ட கொல்லர், ரென்னர் எண்ட மாணவர் சேர்ந்து தொழிலாளருக்காக நட்டூர்ஃப்ரொய்ண்ட இயக்கத்தைத் தொடங்கினம். அவையின்ர வணக்கமே “பேர்க் ஃப்ரை”, மலை எல்லாருக்கும் திறந்திருக்கவேணும் எண்ட அர்த்தத்தில. அதே மலையில, பெரிய ஆல்பைன் சங்கம் 1924இல யூதர் நிறைஞ்ச டோனாவ்லாண்ட் கிளையை வெளியில தள்ளினது. 1933இல நாஜிகள் ஜெர்மனியில நட்டூர்ஃப்ரொய்ண்டவைத் தடைசெய்தினம். ஆர் ஏறலாம், ஆர் நிக்கவேணும் எண்ட கேள்வி இந்த மலைகளில பழசு.

என்ர முன்மொழிவு: இந்த வருசம் மெரானை விடுவம். ஷ்பீல்மன்ஸாவில நிண்டு விடுதிக்குப் போன் பண்ணி, பள்ளம் சரியெண்டால் கெம்ப்டனர் வரை ஏறி, அதே வழியால இறங்குவம். ஒருத்தர் ஏலாது எண்டால் எல்லாரும் திரும்பிறது, காரணம் கேக்கிறதில்லை. ஆரிட்ட என்ன விசா எண்டு குழுவில கேட்டு எழுதவும் வேண்டாம். எல்லை தாண்டாத பாதையே எல்லாருக்கும் பொதுப் பாதை எண்டால், ஒருத்தரும் தன்ர கடதாசியைப் பற்றி வாய் திறக்கத் தேவையில்லை. கிரோடெல் இல்லாத ஆக்கள் மட்டும் சப்பாத்து அளவை எனக்கு அனுப்புங்கோ.