நாய் குரைத்தால் ஓடாதீங்க!
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் தவணை வசூலிக்க நம்மில் பலர் வீடு வீடாகப் போகிறோம். வாசலில் நாய் நின்றால் என்ன செய்யணும்? இதைப் போலீஸ்காரர்களுக்கே பாடமாக நடத்தும் ஊர் இருக்கு. அங்கிருந்து நாமும் கத்துக்கலாம்.

அமெரிக்காவில் போலீசார் துப்பாக்கியோடுதான் வேலைக்குப் போவார்கள். விசாரணைக்குப் போன வீட்டில் நாய் பாய்ந்து வந்தால், பயத்தில் சுட்டுவிடுவதும் நடக்கிறது. பிள்ளை மாதிரி வளர்த்த நாய் கண் முன்னே செத்துப் போகும். நாயோடு முடிவதும் இல்லை. 2019-ல் டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் நாயை நோக்கிச் சுட்ட குண்டு பட்டு ஒரு பெண்ணே இறந்து போனார்.

நாய் வளர்ப்பவர்கள் குரல் கொடுத்தார்கள். 2013-ல் கொலராடோ மாநிலத்தில் நாய்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. போலீசாருக்குப் பயிற்சி கட்டாயமானது. டெக்சாசிலும் 2015-ல் இப்படி ஒரு சட்டம் போட்டார்கள். கொலராடோ சட்டத்தில் முக்கியமாக மூன்று விஷயம். சும்மா குரைக்கும் நாய் எது, கடிக்க வரும் நாய் எது என்று பிரித்துப் பார்க்கணும். சுடாமல் சமாளிக்க வேறு வழி தெரிந்திருக்கணும். முடிந்தவரை, நாயைப் பிடித்துக் கட்ட வீட்டுக்காரருக்கு அவகாசம் தரணும்.

நம்மிடம் துப்பாக்கி இல்லை. ஆனால் கல் எடுக்கிறோம், இல்லேன்னா ஓடுகிறோம். ரெண்டுமே ஆபத்து. ஓடினால் நாய் துரத்தும். அது அதன் குணம். ஆகவே இதை நினைவில் வையுங்க:

* வாசலுக்கு வெளியே நின்று கூப்பிடுங்க. நாயைக் கட்டிய பிறகு உள்ளே போங்க.
* உடம்பு விறைத்து, முறைத்துப் பார்த்து, பல்லைக் காட்டினால் கடிக்க வருகிறது என்று அர்த்தம். வாலை ஆட்டினாலே சாது என்று நம்பிடாதீங்க.
* அதன் கண்ணை நேருக்கு நேர் பார்க்க வேண்டாம். பக்கவாட்டில் திரும்பி, அசையாமல் நில்லுங்க. கைப்பையை நடுவில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்க.
* குட்டி போட்ட நாய், தின்றுகொண்டிருக்கும் நாய் பக்கம் போகவே கூடாது.
* கீழே விழுந்துட்டா சுருண்டு படுத்து, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்குங்க.

மீறிக் கடித்துவிட்டால்? ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் தடவாதீங்க. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்கே தடுப்பூசி இலவசம். டாக்டர் எழுதித் தரும் தேதிகளில் எல்லா ஊசியும் போட்டுக்கணும். "சின்னக் கீறல்தானே, கூலி போயிடுமே" என்று விட்டுடாதீங்க. வெறிநோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வருஷா வருஷம் அதுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுங்க. வசூல் நாளில் கட்டி வையுங்க. வருகிறவரும் நம்ம சகோதரிதானே!

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.