பொறியியல் மாணாக்கர்க்குத் துணை யாது?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே எழுத்தராகிய யான் பொறியியற் கல்வியைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆனால் கரக்பூர் இரயில்வே குடியிருப்புக்கும் இங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும் இடையே சில கல் தொலைவுதான். 1931-இல் விடுதலை வீரர் இருவர் சுடப்பட்டு மாண்ட ஹிஜ்லித் தடுப்புக்காவல் முகாமிலேதான் 1951-இல் அக்கழகம் தோன்றியது. சிறை கல்விக்கூடமாயிற்று, அக்கல்வி பிள்ளைகட்கு மீண்டும் ஒரு சிறையாகிவிடலாகாது என்பதே என் கவலை.

நாட்டிலுள்ள இத்தகைய 23 கழகங்களிலும் சேர்த்து இளநிலைப் படிப்புக்கு ஏறத்தாழ 18,000 இடங்களே உள்ளன. இறுதி நுழைவுத் தேர்வெழுதத் தகுதி பெறுவோரோ இரண்டரை இலட்சம் பேர். ஆதலின் உள்ளே வருவோர் பெரும்பாலும் தத்தம் பள்ளியில் முன்வரிசையில் நின்றவர்கள். முன்வரிசையினர் அனைவரும் ஒரே வகுப்பில் அமர்ந்தால், அவர்களுள்ளும் ஒருவர் கடைசியில் நின்றே தீரவேண்டும். அது அறிவுக் குறைவன்று; கணக்கின் இயல்பு. இதனை எவரும் முன்னரே எடுத்துச் சொல்லாவிடில், முதற் பருவத்தில் மதிப்பெண் குறைந்த பிள்ளை தன் வாழ்வே குறைந்ததாக எண்ணிவிடுகிறது.

அதன்பின் வகுப்புக்குச் செல்லக் கூசுகிறது. செல்லாமையால் பாடம் விளங்குவதில்லை. விளங்காமையால் இரவெல்லாம் விழிக்கிறது. விழித்தமையால் மறுநாள் வகுப்பும் தவறுகிறது. இச்சுழலை அறுப்பது எங்ஙனம்? “எனக்கு விளங்கவில்லை” என்று அச்சமின்றிச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அறைத்தோழர், ஆசிரியர், கழகத்தின் மனநல ஆலோசகர், எவராயினும் சரியே. தமிழ்வழியில் பயின்று வந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தை ஒருமுறை தமிழில் விளக்கும் மூத்த மாணவர் ஒருவர் கிடைத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

வழியில் அரைமணி பிந்திய வண்டியை நாம் தண்டவாளத்திலிருந்து அகற்றுவதில்லை. கால அட்டவணையில் இதற்கென்றே ஒதுக்கிய மிகைநேரத்தைக் கொண்டு ஈடுசெய்கிறோம். தவறிய பாடத்தையும் பின்னர் எழுதித் தேறலாம்.

உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தை ஆராயவும் தற்கொலைகளைத் தடுக்கவும், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், முன்னாள் நீதிபதி இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. நீதிமன்றம் தன் கடமையைச் செய்கிறது. நம் கடமை யாது? ஞாயிறுதோறும் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு விடுதிப் பிள்ளைக்கு இலை போடுவோம். மதிப்பெண்ணைக் கேளாது, “உறங்குகிறாயா? வேளைக்கு உண்கிறாயா? சேர்ந்து படிக்க யார் இருக்கிறார்கள்?” என்று கேட்போம். ஊரிலுள்ள பெற்றோரும் தொலைபேசியில் இவற்றையே முதலில் கேட்கட்டும். சோர்வு மிகுந்து காணின், 2022 முதல் மைய அரசு நடத்தும் ‘டெலி மானஸ்’ உதவியை 14416 என்ற எண்ணில் நாடலாம். அங்கே தமிழிலும் பேசலாம்.

இளைஞர்களே! பாடம் விளங்காத அன்றே கேளுங்கள். தேர்வு நாள்வரை காத்திராதீர்கள். பெற்றோர் உங்களை அனுப்பியது பட்டத்துக்காக; ஆயினும் பட்டத்தைவிட அவர்கட்கு நீங்களே பெரியவர்கள்.