டிரம் மெஷினுக்கு உப்புத்தாள் ரோல்: வாங்குவதும் மாட்டுவதும்

(அனுப்பம்பட்டில் நடந்த மகளிர் குழுக்கள் கூட்டத்தில், மரவேலை செய்யும் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்ப என்னை மெஷினைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. ஏரியில் பாடு குறையற மாசங்களில் கை கொடுக்கட்டும்னுதான் சப்பாத்திப் பலகை, ட்ரே, மணைன்னு மரவேலையில் இறங்கியிருக்கோம். பலகையை வழுவழுப்பாக்க டிரம் சாண்டர் வாங்கியாச்சு. ஆனா அதில் சுத்தியிருக்கிற உப்புத்தாள் தேஞ்சு போனா, வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு மாட்டச் சொல்றோம். அவர் வர்ற வரைக்கும் மெஷின் சும்மா நிக்குது. வங்கித் தவணை சும்மா நிக்குமா? ஓலைப்பெட்டி பின்னுற கைக்கு இந்தப் பட்டையைச் சுத்துறது பெரிய வேலையே இல்லை.

முதல்ல நம்பர். ரோலுக்குப் பின்பக்கம் 60, 80, 120, 180ன்னு போட்டிருக்கும். வலைக்கண்ணை நினைச்சுக்கோங்க. ஒரு அங்குலத்துக்குள்ள எத்தனை கண் இருக்கிற சல்லடையில் சலிச்ச மணல் என்பதுதான் அந்த நம்பரோட மூலக்கணக்கு. கண் எண்ணிக்கை கூடினா கண் சின்னது, மணலும் சின்னது. அதனால 60 முரடு, 180 நைஸ். மேடு பள்ளமான பலகைக்கு 60 அல்லது 80, அப்புறம் 120, கடைசியா 180. அறுபதில் ஓட்டிட்டு நேரே 180க்குத் தாவக்கூடாது. முரட்டுத்தாள் போட்ட கீறலை நைஸ் தாளால எடுக்க முடியாது. எண்ணெய் தடவின உடனே அத்தனை கோடும் பளிச்சுன்னு தெரியும், வாங்க வந்தவங்க கீழே வெச்சிட்டுப் போயிடுவாங்க.

அடுத்தது மணல் என்ன ஜாதி. மரத்துக்கு நாம கேட்க வேண்டியது அலுமினியம் ஆக்சைடு, பெரும்பாலும் பழுப்பு நிறம். கருப்பா இருக்கிற வாட்டர் பேப்பர் சிலிக்கான் கார்பைடு. ஃபைபர் படகு, பெயின்ட் தேய்க்கிறதுக்கு நல்லது. பலகைக்கு அது சீக்கிரம் உடைஞ்சு மழுங்கும்.

இதுல ஒரு சேதி சொல்றேன். இந்த அலுமினியம் ஆக்சைடு பூமியில் கல்லா கிடைச்சா அதுக்கு இங்கிலீஷ்ல கொரண்டம்னு பேரு. அந்தப் பேரே நம்ம தமிழ் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். 1891-ல் அமெரிக்காவில் ஆச்சிசன் என்பவர் சிலிக்கான் கார்பைடை உண்டாக்கினப்போ, அதையும் ஒட்டியே கார்போரண்டம்னு பேர் வெச்சார். 1954-ல் ஆரம்பிச்ச கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியோட தொழிற்சாலை நம்ம ரயில் போற வழியில், திருவொற்றியூர்லதான் இருக்கு. தினமும் கூடையோட அதைத் தாண்டித்தான் போய்வர்றோம். அந்தக் காலத்துல உப்புத்தாள் கிடைக்காத கடற்கரை ஊர்களில் சுறாத்தோலால மரம் தேய்ச்சிருக்காங்க. வாலிலிருந்து தலைப்பக்கம் சுறாவைத் தடவிப் பார்த்தவங்களுக்கு ஏன்னு நான் சொல்ல வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியது இன்னும் இரண்டு. பின்பக்கம் துணியா, பேப்பரா? டிரம்முக்குத் துணி போட்டதுதான் தாங்கும். அதிலும் கெட்டித்துணி, 'எக்ஸ்' ரகம்னு கேளுங்க. 'ஜே' ரகம் மெல்லிசு, கையால வளைவுகளைத் தேய்க்க ஏத்தது. இன்னொண்ணு, மணல் நெருக்கமா ஒட்டியிருக்கா, இடைவெளி விட்டிருக்கா? இதை 'ஓப்பன் கோட்'னு சொல்லுவாங்க. வேம்பு, மா மாதிரி பிசின் உள்ள மரத்துக்கு இடைவெளி விட்டதுதான் நல்லது, தூள் அடைக்காது. பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் மீட்டர் கணக்கிலும் தருவாங்க, முழு ரோலும் தருவாங்க. மூணு கடையில் விலைப்புள்ளி வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிட்டு வாங்குங்க. பில் இல்லாம வாங்காதீங்க.

எவ்வளவு நீளம் வேணும்? டிரம் குறுக்களவு 5 அங்குலம்னா சுத்தளவு 15.7 அங்குலம். டிரம் நீளம் 16 அங்குலம், பட்டை அகலம் 3 அங்குலம்னா ஐந்தே கால் சுத்துக்குக் கொஞ்சம் மேல வரும். அது 84 அங்குலம், அதாவது 7 அடி. கிளிப்பில் செருகுறதையும் சேர்த்து ஏழரை அடி வெச்சுக்குங்க. பட்டையின் இரண்டு முனையும் சாய்வா இருக்கிறதால நுனிக்கு நுனி அளந்தா 8 அடிக்கு மேல காட்டும். பயப்படாதீங்க, ஒரு பட்டையோட முடிவு வெட்டுதான் அடுத்த பட்டையோட ஆரம்ப வெட்டு, வீண் கிடையாது. இந்தக் கணக்கில் 50 மீட்டர் ரோலில் 21 பட்டை கிடைக்கும். ஒரே குழு அவ்வளவு வாங்கி வெச்சா உப்புக்காத்தில் ஈரம் கோத்து சுருண்டுக்கும். மூணு நாலு குழு சேர்ந்து ஒரு ரோல் வாங்கிப் பிரிச்சுக்கறதுதான் என் யோசனை. ரோலை சிமென்ட் தரையில் வைக்காம, பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண்மேல வையுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது ரொம்ப முக்கியம்.

மாட்டுறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கணும். பிடுங்கின பிளக் உங்க கண்ணெதிர்ல கிடக்கணும். மெஷினோட வந்த முதல் பட்டையைத் தூக்கிப் போடாதீங்க, அதுதான் அளவுச் சட்டை. புதுசோட பின்பக்கத்தில் அதைப் பின்பக்கம் மேலா விரிச்சு, பென்சிலால கோடு போட்டு, கத்தியால பின்பக்கமா வெட்டுங்க. கத்தரிக்கோல் போட்டா கோல்தான் மழுங்கும்.

சாய்வு முனையை ஒரு ஓரத்துக் கிளிப்பில் செருகுங்க. சாய்வு விளிம்பு டிரம்மோட ஓரத்தில் சரியா உட்காரணும். பிறகு ஒரு கையால டிரம்மை உருட்டி, மறு கையால பட்டையை இழுத்துப் பிடிச்சு, ஓலை சுத்துற மாதிரி சுத்திக்கிட்டே போங்க. ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஏறவே கூடாது. நூலளவு இடைவெளி இருந்தா பரவாயில்லை; ஏறிட்டா அந்த இடத்தில் பலகை கருகி, பட்டையும் கிழியும். மறுமுனையை ஸ்பிரிங் கிளிப்பில் மாட்டி, மூடியைப் போட்டுக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டி நிறுத்துங்க. புதுத்துணி கொஞ்சம் நீளும். திரும்பப் பிளக்கைப் பிடுங்கி, தளர்வை இழுத்து விடுங்க.

பட்டை சீக்கிரம் போகுதுன்னு புகார் சொல்றவங்க பலகையைத் தடிமனா கடிக்க விடறாங்க. கைப்பிடியைக் கால் சுத்துக்கு மேல இறக்காதீங்க. ஆணி இருக்கான்னு தடவிப் பாருங்க. தூள் அடைஞ்சா, க்ரேப் ரப்பர் கட்டியை ஓடுற பட்டையில் லேசாக் காட்டினா துப்புரவாகும். பழைய க்ரேப் செருப்பு அடியும் இதுக்கு ஆகும்.

புடவை முந்தானையைச் செருகிக்கோங்க, கூந்தலை முடிஞ்சுக்கோங்க, வளையலைக் கழட்டி வையுங்க. மூக்கில் முந்தானை போதாது, என்-95 முகமூடி போடணும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்திருக்கு. மூக்குக்குள்ள வர்ற புற்றுநோய் அது. முகமூடிக் காசையும் பலகை விலையிலேயே சேருங்க. தூள் பையைத் தினமும் காலி பண்ணுங்க, அது தீப்பிடிக்கும் பொருள்.

கழட்டின பட்டையில் ஓரங்கள் அவ்வளவா தேஞ்சிருக்காது. வெட்டி வெச்சுக்கிட்டா அகப்பைக் காம்பு, ட்ரே மூலையெல்லாம் கையால தேய்க்க ஆகும்.

மாட்டுறதைக் கண்ணால பார்க்கணும்னு நினைக்கிறவங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் மெஷின் பக்கத்தில் வாங்க. பிளக்கைப் பிடுங்கித்தான் வெச்சிருக்கேன்.